கே.ஜி.எஃப் சைனைடு மேடுகள்: தங்கத்தைப் பிரிக்கவும் விஷத்தை முறிக்கவும் பாக்டீரியாவால் முடியுமா?

பாக்டீரியா என்றதும் காய்ச்சலும் ஆன்டிபயாடிக் மாத்திரையும்தான் நினைவுக்கு வரும். கொஞ்சம் யோசித்தால் தயிரும் இட்லி மாவும் வரும். தங்கச் சுரங்கம் யாருக்கும் தோன்றாது.

ஆனால் பாறைக்குள் பூட்டிக் கிடக்கும் தங்கத்தை விடுவிப்பது, தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் சைனைடை முறிப்பது, கழிவு மேட்டில் செடி வளரவைப்பது என மூன்று வேலைகளையும் உலகின் வெவ்வேறு இடங்களில் பாக்டீரியா செய்துகொண்டிருக்கிறது. இந்த மூன்றும் பேசப்பட வேண்டிய ஓர் ஊர் கர்நாடகாவில் இருக்கிறது. அங்கே வீதியில் இறங்கினால் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான்.

கோலார் தங்கவயல், அதாவது கே.ஜி.எஃப். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு இங்கே சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் 120 ஆண்டுகளில் அரைத்துக் கொட்டிய மண் அப்படியே நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'சைனைடு மேடு', 'சைனைடு மலை' என்கிறார்கள். 2024 ஜூனில், 13 கழிவுக் குவியல்களில் மறுபடியும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆகவே, அந்த மேட்டுக்குள் என்ன இருக்கிறது, அதை எப்படிக் கையாள்வது என்பது அங்கே வாழும் மக்களுக்கு இன்றைய கேள்வி.

இந்த மேடுகள் எப்படி வந்தன?

கோலாரின் தங்கக் கதையில் மைசூர் மைன்ஸுக்குத் தனி இடம் உண்டு. 'சாம்பியன் லோடு' எனப்படும் வளமான தங்க ரேகை 1880-களில் சிக்கியது மைசூர் கம்பெனியின் நிலத்தில்தான். அதன்பின் சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், பாலகாட் என வரிசையாகச் சுரங்கங்கள் வளர்ந்தன. பிரிட்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இவற்றை நிர்வகித்தது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் வட ஆற்காடு, சேலம் போன்ற மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலானவை தலித் குடும்பங்கள்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. மொத்தத்தில் இங்கே கிடைத்த தங்கம் சுமார் 800 டன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்தத் தங்கத்தைப் பிரித்தது எப்படி? பாறையை மாவாக அரைத்து, மிகக் குறைந்த அளவு சைனைடு கலந்த நீரில் காற்றோடு சேர்த்துக் கலக்கினால் தங்கம் கரைந்துவிடும். பிறகு துத்தநாகத்தைப் போட்டால் அது மறுபடி திடமாகப் படியும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1887-இல் காப்புரிமை பெறப்பட்ட முறை இது. தங்கத்தை எடுத்த பின் மிஞ்சும் சேற்றைக் குழாய் வழியே வெளியே கொட்டினார்கள். அது காய்ந்து மேடானது. இன்று அங்கே நிற்கும் மண் மூன்று கோடி டன்னுக்கும் அதிகம்.

தங்கத்தைத் 'தின்னும்' பாக்டீரியா: நிஜமா?

இல்லை. பாக்டீரியா தங்கத்தைத் தின்பதும் இல்லை, உருவாக்குவதும் இல்லை. அது தின்பது தங்கத்தைச் சுற்றியிருக்கும் பூட்டை.

சில தாதுக்களில் தங்கத் துகள்கள் கண்ணுக்கே தெரியாத அளவில் பைரைட், ஆர்சனோபைரைட் போன்ற கந்தகக் கனிமங்களுக்குள் சிக்கியிருக்கும். எவ்வளவு அரைத்தாலும் சைனைடு நீர் உள்ளே நுழைந்து தங்கத்தைத் தொட முடியாது. பழைய தீர்வு, தாதுவை உலையில் வறுப்பது. அப்படிச் செய்தால் கந்தக டை ஆக்சைடும் ஆர்செனிக் புகையும் வெளியேறும்.

இங்கேதான் அசிடிதயோபாசில்லஸ் ஃபெர்ரோஆக்ஸிடன்ஸ் வருகிறது. 1940-களில் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பாக்டீரியா இது. இதற்குச் சர்க்கரையோ புரதமோ தேவையில்லை. இரும்பையும் கந்தகத்தையும் ஆக்சிஜனேற்றம் செய்து, அதில் கிடைக்கும் ஆற்றலில் உயிர் வாழும். உடலுக்கான கார்பனைக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இட்லி மாவு பொங்குற மாதிரி நினைத்துப் பாருங்கள். உளுந்து மாவில் லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் மாவுக்குள் இருக்கும் சர்க்கரையை உண்டு, வாயுவையும் புளிப்பையும் விடுகின்றன. நமக்கு வேண்டியது இட்லி. அவற்றுக்கு அது வெறும் சாப்பாட்டு நேரம். தங்கத் தாதுவிலும் இதே கதைதான். பாக்டீரியா பைரைட்டைக் கரைத்துச் சாப்பிடுகிறது; உள்ளே இருந்த தங்கம் வெளியே தெரிகிறது. அதன்பிறகு வழக்கம்போல சைனைடு.

ஆம், அதன்பிறகும் சைனைடு வேண்டும். 'பாக்டீரியா வந்தால் சைனைடே வேண்டாம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். பெரிய ஆலைகளில் பாக்டீரியா மிச்சப்படுத்துவது உலையையும் புகையையும்தான். ஆர்செனிக்கும் மாயமாக மறைந்துவிடாது. அது நீரில் கரைந்து வரும். சுண்ணாம்பு சேர்த்து, எளிதில் கரையாத உப்பாக மாற்றிப் பத்திரப்படுத்த வேண்டும்.

1986-இல் தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கத்தில் இந்த முறை வணிக அளவில் தொடங்கியது. 1990-களில் கானா நாட்டின் ஒபுவாசியில் மிகப் பெரிய ஆலை வந்தது. பெரிய தொட்டிகள், 40 டிகிரியை ஒட்டிய சூடு, கடும் அமிலம், இடைவிடாத காற்று. நமக்கு நரகம்; இந்த பாக்டீரியாவுக்கு அதுதான் வீடு. செப்புச் சுரங்கங்களிலும், குறிப்பாகச் சிலி நாட்டில், மலைபோலக் குவித்த தாதுவில் இதே வகை பாக்டீரியாக்களை வேலைக்கு விடுகிறார்கள்.

இந்தியாவில் யாராவது செய்திருக்கிறார்களா?

கே.ஜி.எஃப்-இலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்சி) பேராசிரியர் கே.ஏ. நடராஜனும் அவரது குழுவினரும் பல ஆண்டுகளாக இந்தத் துறையில் ஆய்வு செய்தார்கள். கர்நாடகாவின் அஜ்ஜனஹள்ளி, ஜி.ஆர். ஹள்ளி ஆகிய இடங்களில் கிடைத்த, எளிதில் தங்கம் பிரியாத தாதுக்களில் பாக்டீரியாவைச் சோதித்தார்கள். மாநில அரசின் ஹட்டி தங்கச் சுரங்கத்தோடு சேர்ந்து செயல்விளக்க அளவிலான உயிரித் தொட்டி ஆலையும் அமைக்கப்பட்டது. ஆக, தொழில்நுட்பம் நம் ஊருக்குப் புதிதல்ல.

அப்போ கோலார் மேட்டில் தங்கம் எடுக்க பாக்டீரியாவை விடலாமா?

நேரடியான பதில்: எல்லா மேட்டிலும் பலிக்காது.

காரணம் ஒன்று, கோலாரின் புகழ்பெற்ற சாம்பியன் லோடு பெரும்பாலும் குவார்ட்ஸ் பாறை. அதிலிருந்த தங்கம் எளிதில் பிரியக்கூடிய வகை. அதற்கு பாக்டீரியா தேவைப்படவில்லை. மேற்குப் பக்க ரேகைகளில்தான் கந்தகக் கனிமங்கள் அதிகம். அந்த மண் விழுந்த குவியல்களில் மட்டுமே 'பூட்டு உடைக்கும்' பாக்டீரியாவுக்கு வேலை இருக்கும்.

காரணம் இரண்டு, அளவு. இந்த மேடுகளில் மிஞ்சியிருப்பது ஒரு டன் மண்ணுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம். தொட்டி, சூடு, காற்று, சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் செலவு செய்துவிட்டு அரை கிராம் எடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால்தான் மற்ற சுரங்கங்களில் தாதுவை முதலில் செறிவாக்கி, அந்தச் சிறு பகுதியை மட்டும் பாக்டீரியாவிடம் தருகிறார்கள்.

ஆகவே கோலாரில் பாக்டீரியாவின் பெரிய பயன் தங்கம் எடுப்பதில் இல்லை. எடுத்த பிறகு மிஞ்சுவதைச் சமாளிப்பதில் இருக்கிறது. ஊர் மக்களுக்கு அதுதான் முக்கியமும்கூட.

சைனைடையே சாப்பிடும் பாக்டீரியா

சைனைடு நம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுத்துக் கொன்றுவிடும். ஆனால் சூடோமோனாஸ் போன்ற சில பாக்டீரியாக்களுக்கு அதிலிருக்கும் கார்பனும் நைட்ரஜனும் சத்து. நொதிகளைக் கொண்டு சைனைடை உடைத்து, அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றிவிடும்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலுள்ள ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம். அங்கிருந்து வெளியேறிய கழிவு நீரால் வைட்வுட் என்ற ஓடை பல தலைமுறைகளாகச் செத்துக் கிடந்தது. 1984-இல் சுழலும் பெரிய வட்டுகளின் மேல், அந்தக் கழிவு நீருக்கே பழகிய பாக்டீரியாக்களை ஏடாக வளர்த்து, அவற்றின் மீது நீரை ஓடவிட்டார்கள். சைனைடு உடைந்தது, உலோகங்கள் ஏட்டில் ஒட்டிக்கொண்டன. பின்னாளில் அந்த ஓடையில் டிரவுட் மீன்கள் வாழத் தொடங்கின.

ஹோம்ஸ்டேக்குக்கும் கோலாருக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. இரண்டு சுரங்கங்களின் ஆழத்திலும் நியூட்ரினோ ஆய்வு நடந்தது. கோலாரில் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோ பதிவானது உலக அளவில் பேசப்பட்டது. ஹோம்ஸ்டேக் ஆய்வுக்காக ரேமண்ட் டேவிஸ் 2002-இல் நோபல் பரிசு பெற்றார். 2001-இல் கோலார், 2002-இல் ஹோம்ஸ்டேக் என அடுத்தடுத்து இரண்டும் மூடப்பட்டன. அங்கே இன்று நிலத்தடி ஆய்வுக்கூடம் இயங்குகிறது. இங்கே பம்புகள் நின்று, சுரங்கத்துக்குள் நீர் நிறைந்துவிட்டது.

உண்மையான வில்லன் சைனைடா, தூசியா?

ஊர் வைத்த பெயர் 'சைனைடு மேடு'. ஆனால் வேதியியலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வெயில், காற்று, மழை, மண்ணிலேயே வாழும் பாக்டீரியா ஆகிய எல்லாம் சேர்ந்து சைனைடின் பெரும்பகுதியைக் காலப்போக்கில் சிதைத்துவிடும். சிதையாமல் நிற்பவை வேறு: மாவு மாதிரி அரைக்கப்பட்ட சிலிக்கா, ஆர்செனிக், மற்ற உலோகங்கள். இவற்றுக்கு காலாவதி தேதி கிடையாது.

பலமாகக் காற்று வீசும் நாட்களில் மேட்டிலிருந்து எழும் வெள்ளைத் தூசி வீட்டுக்குள் வருகிறது, மூச்சுத் திணறுகிறது என்பது கே.ஜி.எஃப் குடியிருப்புகளின் பல ஆண்டுப் புகார். இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானது கோலார் சுரங்கத்தில்தான் என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. சிலிக்காத் தூசி நுரையீரலில் தழும்பாகப் படிந்து, மூச்சை மெல்ல மெல்லச் சுருக்கும் நோய் அது. குணப்படுத்த மருந்து கிடையாது.

சிலிகோசிஸ் வந்த நுரையீரலில் காசநோய் எளிதில் தொற்றும். காசநோயை உண்டாக்குவதும் ஒரு பாக்டீரியாதான். அதற்கு எதிராக முதலில் பலன் தந்த ஆன்டிபயாடிக் ஸ்ட்ரெப்டோமைசின். 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்ட அந்த மருந்தைச் சுரப்பதும் ஒரு மண் பாக்டீரியா. காசநோய்க்கு இன்றும் தரப்படும் ரிஃபாம்பிசினின் பூர்வீகமும் மண் பாக்டீரியாதான். நோயும் மருந்தும் ஒரே உலகத்திலிருந்து வருகின்றன. ஆனால் மருந்து காசநோயைத்தான் தீர்க்கும், தூசி போட்ட தழும்பை அல்ல. அதனால் தூசியை எழும்பவிடாமல் தடுப்பதுதான் ஒரே வழி.

தூசியைக் கட்டிப்போடும் இரண்டு வழிகள்

முதல் வழி, மேட்டைப் பச்சையாக்குவது. கேட்க எளிது. ஆனால் அரைத்த பாறையில் மக்கு கிடையாது, நைட்ரஜன் கிடையாது. வெறும் கன்றை நட்டால் பிழைப்பது கடினம். செடியோடு அதற்குத் துணையான நுண்ணுயிரையும் சேர்த்து நட வேண்டும்.

நாக்பூரைச் சேர்ந்த தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) மகாராஷ்டிராவின் கும்காவ் மாங்கனீசு சுரங்கக் கழிவு மேட்டில் இதைத்தான் செய்தது. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுச் சக்கையை மண்ணில் கலந்து, ரைசோபியம், அசட்டோபாக்டர் ஆகிய நைட்ரஜன் நிலைநிறுத்தும் பாக்டீரியாக்களையும், வேரோடு இணைந்து வாழும் பூஞ்சையையும் சேர்த்து மரங்களை வளர்த்தார்கள். மொட்டை மேடு தோப்பானது.

நமக்குப் பழக்கமான உதாரணம் சவுக்கு. உரம் இல்லாத கடற்கரை மணலில் அது எப்படிக் கிடுகிடுவென வளர்கிறது? அதன் வேர் முடிச்சில் வாழும் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு ஊட்டுகிறது. சத்தில்லாத சுரங்க மண்ணிலும் இதே கூட்டணி கைகொடுக்கும்.

இரண்டாவது வழி, மண்ணையே சிமெண்ட் போல ஒட்டவைப்பது. ஸ்போரோசார்சினா பாஸ்டூரி என்ற பாக்டீரியாவுக்கு யூரியாவும் கால்சியமும் தந்தால், அது மண் துகள்களுக்கு நடுவே சுண்ணாம்புப் படிகத்தை வளர்க்கும். 2020-இல் ஐ.ஐ.எஸ்சி-யும் இஸ்ரோவும் இதே பாக்டீரியாவையும் கொத்தவரை இனத்துப் பிசினையும் கொண்டு, நிலவு மண்ணைப் போன்ற பொடியிலிருந்து 'விண்வெளிச் செங்கல்' செய்து காட்டினார்கள். இதே முறையில் மேட்டின் மேல்புறத்தில் மெல்லிய ஓடு உருவானால் தூசி அடங்கும். ஒரு சிக்கல் உண்டு: இந்த வேலையில் அம்மோனியா வெளிப்படும். அதை நிலத்தடி நீரில் கலக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாக்டீரியா கெடுக்கவும் செய்யும்

தங்கத்தை விடுவிக்கும் அதே ஃபெர்ரோஆக்ஸிடன்ஸ், யாரும் கேட்காமலே வேலை பார்த்தால் அதற்குப் பெயர் அமிலச் சுரங்க நீர். பைரைட் மிஞ்சியிருக்கும் கழிவில் காற்றும் மழை நீரும் பட்டால், பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றும். அந்த அமிலம் ஆர்செனிக்கையும் மற்ற உலோகங்களையும் கரைத்து ஓடைக்கும் கிணற்றுக்கும் கொண்டுபோகும். தொட்டிக்குள் நடந்தால் தொழில்நுட்பம், மேட்டில் நடந்தால் பேரிடர்.

பல பத்தாண்டுகளாக இறுகிக் கிடக்கும் மேட்டை வெட்டினால், உள்ளே காற்று படாமல் இருந்த மண் வெளியே வரும். மறுபடியும் தங்கம் எடுக்கப்போகும் எந்தத் திட்டமும் இதைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும்.

சுரங்கத்தின் அடியில் உயிர் இருக்குமா?

கோலாரின் அடி ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். அங்கே என்ன வாழும் என்று கேட்டால், தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கம் பதில் சொல்கிறது. அங்கே 2.8 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை நீரில், கிட்டத்தட்ட ஒரே ஒரு வகை பாக்டீரியா மட்டும் தனியாக வாழ்வதை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. டீசல்ஃபோருடிஸ் ஆடாக்ஸ்வியேட்டர் என்று பெயர். வெயிலும் வேண்டாம், ஆக்சிஜனும் வேண்டாம். யுரேனியத்தின் கதிர்வீச்சு நீரைப் பிளப்பதால் கிடைக்கும் ஹைட்ரஜனும் பாறையின் சல்ஃபேட்டும் போதும். செவ்வாயில் உயிர் தேடும் விஞ்ஞானிகள் இதை உன்னிப்பாகப் பார்ப்பது அதனால்தான்.

உங்கள் பழைய போனிலும் ஒரு சுரங்கம்

கைபேசிகளின் சர்க்யூட் பலகைகளில் ஒரு டன்னுக்கு நூறு கிராமுக்கும் அதிகமான தங்கம் கிடைப்பது வழக்கம். கோலார் மேட்டில் இருப்பதைவிட அது நூறு மடங்குக்கும் மேல். குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற ஊதா நிற பாக்டீரியா தானே கொஞ்சம் சைனைடைச் சுரக்கும். அதைக் கொண்டு மின்கழிவிலிருந்து தங்கத்தைக் கரைக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன. வேகம் குறைவு, செம்பு குறுக்கே வரும் என்பதால் இன்னும் பெரிதாகப் பரவவில்லை. என்றாலும் மாரிகுப்பத்திலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கே.ஜி.எஃப் இளைஞர்களின் பையிலேயே, அவர்கள் தாத்தா தோண்டியதைவிட வளமான 'தாது' இருக்கிறது என்பது உண்மை.

இப்போது என்ன கேட்க வேண்டும்?

மேடுகளில் மறுபடி இயந்திரங்கள் இறங்கும் முன், ஊர் மக்களும் அவர்கள் பிள்ளைகளும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

• 13 குவியல்களில் ஒவ்வொன்றிலும் பைரைட், ஆர்செனிக், சைனைடு எவ்வளவு என்று தனித்தனியாக அளந்து, முடிவுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடுவார்களா?

• வெட்டும்போது எழும் தூசியைத் தடுக்க என்ன ஏற்பாடு? காற்றின் தரத்தைக் குடியிருப்புக்கு உள்ளேயே அளப்பார்களா?

• புதிதாகப் பயன்படுத்தும் சைனைடை ஆலையை விட்டு வெளியே விடும் முன் முறிப்பது எப்படி?

• தங்கம் எடுத்த பிறகும் மண் அதே அளவு மிஞ்சும். அதை எங்கே கொட்டுவார்கள்? மேலே பசுமை வளர்க்கும் செலவு திட்டத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறதா?

• முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸ், காசநோய் பரிசோதனை யார் பொறுப்பு?

இவற்றில் கடைசிக் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்குமான விடையில் பாக்டீரியாவுக்கு ஒரு பங்கு உண்டு. கடைசிக் கேள்விக்கு மட்டும் அரசுதான் பதில் சொல்லியாக வேண்டும்.